புற்றுநோய் மருந்தும் இருதயமும் – குடும்பத்தார் அறிய வேண்டியவை

நமது சங்க இதழில் மருத்துவம் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி ஆசிரியர் அவர்கள் இரண்டு முறை கேட்டார்கள். நான் டாக்டர் அல்லன். ஆரியசாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் மருந்துக்கடை நடத்திவிட்டு இப்போது கடையை மகனிடம் விட்டிருப்பவன். எனவே டாக்டர்கள் எழுத வேண்டியதை நான் எழுதுவது சரியல்ல என்று தட்டிக் கழித்து வந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தில் என்னுடைய தவறும் கலந்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை என்று தோன்றியதால் எழுதத் துணிந்தேன். எழுதியதை ஒரு டாக்டரிடம் படித்துக் காட்டித் திருத்திக் கொண்ட பிறகே அனுப்புகிறேன்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரில் யாருக்காவது பெரிய நோய் என்றால் நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். நாகர்கோவில், தக்கலை, வள்ளியூர், தென்காசி என்று எங்கிருந்து வந்தாலும் தம்பானூரில் இறங்கி, ஓர் ஆட்டோ பிடித்து, கையில் ஒரு பையோடும் எக்ஸ்ரே உறையோடும் வந்து நிற்பார்கள். 1981 ஆம் ஆண்டு இங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் ரீஜினல் கேன்சர் சென்டர் தொடங்கப்பட்ட பிறகு இந்த வருகை பல மடங்காயிற்று. டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அவர்கள் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த நிறுவனம் அது. தென் தமிழ்நாட்டு மக்களுக்குச் சென்னை அடையாறைவிட இதுவே பக்கம். (அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954 இல் சில குடிசைகளில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கினார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.) அதே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில்தான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் அவர்கள் தலைமையில் உருவான இந்திய இருதய வால்வு முதன்முதலாக 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது அங்கேதான். புற்றுநோய்க்கு ஒரு கட்டடம், இருதயத்துக்கு ஒரு கட்டடம். இரண்டுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஒரு நோய்க்குப் போனவர் மற்றதற்கும் போக வேண்டி வரலாம் என்பது எங்களுக்கு அன்று தெரியாது.

என் அண்ணன் மனைவி, அதாவது என் மதினி, குமாரகோவிலுக்குப் பக்கத்து ஊர்க்காரி. 2015 ஆம் ஆண்டு தொடக்கத்தில் மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து, சதையைச் சோதித்ததில் ‘ஹெர்2 பாசிட்டிவ்’ என்று வந்தது. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமல்ல. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். முதலில் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு தவணை ‘அட்ரியாமைசின்’ என்னும் சிவப்பு மருந்தும் அதோடு சைக்ளோபாஸ்பமைடும். பிறகு வாரந்தோறும் பாக்ளிடாக்செல். அதோடு சேர்த்துத் தொடங்கி ஓராண்டுக்கு ‘டிராஸ்டுசுமாப்’ என்னும் ஊசி. இந்த ஊசி வெளிநாட்டிலிருந்து மட்டும் வந்து கொண்டிருந்தபோது நம்மைப் போன்றவர்கள் விலையைக் கேட்கவே அஞ்சுவோம். 2014 இல் பெங்களூர் பயோகான் நிறுவனம் இங்கேயே தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களும் யோசிக்க முடிந்தது.

முதல் தவணைக்கு முன்பே எக்கோ எடுத்தார்கள். அண்ணன் சந்தேகப்பட்டார். “நோவு மாருல. இவனுக என்னத்துக்குல நெஞ்சப் படம் எடுக்கானுவோ?” என்று என்னிடம் கேட்டார். “எல்லாருக்கும் எடுப்பார்கள் அண்ணே” என்றேன். ஏன் என்று நானும் விளக்கவில்லை. எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். ரிப்போர்ட்டில் 64 சதவீதம் என்று எழுதியிருந்தது. “பர்ஸ்ட் கிளாஸ்தான்” என்று சொல்லி அண்ணன் ஃபைலில் வைத்துவிட்டார்.

இந்த எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கடையில் என்னிடம் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். இருதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் இரத்தம் முழுவதும் ஒரே துடிப்பில் வெளியே போவதில்லை. நூறு மில்லி நிரம்பினால் ஏறக்குறைய அறுபது மில்லி வெளியே தள்ளப்படும். மீதி உள்ளேயே நிற்கும். அந்த அறுபதுதான் 60 சதவீதம். ஆகவே நூற்றுக்கு நூறு என்று யாருக்கும் வராது. 55 முதல் 70 வரை இருந்தால் நல்ல இருதயம். 62 வந்தவர் 64 வந்தவரைவிடத் தாழ்ந்தவர் அல்லர். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலும் ஐந்து புள்ளி முன்னே பின்னே வரும். அதனால்தான் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் முதலில் இருந்ததைவிடப் பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கி, ஐம்பதுக்குக் கீழே போனால் அது அளவுப் பிழை என்று விட்டுவிடக் கூடிய காரியமல்ல. முதல் எக்கோ இல்லாவிட்டால் ‘இறங்கியிருக்கிறதா’ என்ற கேள்விக்கே விடை கிடையாது. அண்ணனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்.

இனி அந்தச் சிவப்பு மருந்தின் கதை. இத்தாலியின் கிழக்குக் கரையில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய காஸ்டெல் டெல் மாண்டே என்ற கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் 1950களில் ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார்கள். அது சிவப்பான ஒரு பொருளைச் சுரந்தது. அதிலிருந்து வந்தது டானோரூபிசின். அந்தப் பக்கத்தில் முற்காலத்தில் வாழ்ந்த டௌனி என்ற குடியின் பெயரையும் மாணிக்கச் சிவப்பையும் சேர்த்து அப்பெயர் வைத்தார்கள். அந்த நுண்ணுயிரைச் சிறிது மாற்றியபோது கிடைத்தது டாக்சோரூபிசின். ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதற்கு அட்ரியாமைசின் என்று பெயர். மார்புப் புற்று, நிணநீர்ப் புற்று, குழந்தைகளின் இரத்தப் புற்று எனப் பலவற்றிலும் இந்த இனத்து மருந்துகள் உயிர் காத்தன, இன்றும் காக்கின்றன. கீமோதெரப்பி என்பதே வெள்ளைக்காரர் கொடுத்தது என்று நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: இன்றும் பயன்படும் மெதோட்ரெக்சேட் என்ற மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் குழு உருவாக்கிய இனத்தைச் சேர்ந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு அந்த இனத்து முதல் மருந்தைக் கொடுத்துப் பலன் கண்டதாக பாஸ்டனில் ஃபார்பர் என்ற டாக்டர் எழுதியது 1948 இல். அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார்.

சிவப்பு மருந்துக்கு வருவோம். 1960களின் இறுதியிலேயே, புற்று குறைந்து வீடு திரும்பிய சிலர் சில மாதங்கள் கழித்து இருதயம் பலவீனப்பட்டு இறப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். யாருக்கு நேர்கிறது என்று ஆராய்ந்ததில், ஒரே தவணையில் கொடுத்த அளவைவிட, முதல் தவணையிலிருந்து கடைசித் தவணைவரை சேர்ந்த மொத்த அளவுதான் முக்கியம் என்று தெரிந்தது. வட்டிக் கடனைப் போல இது கூடிக் கொண்டே போகும், கழியாது. ஐந்து ஆண்டு கழித்து நோய் திரும்ப வந்து அதே மருந்தைத் தொடங்கினாலும் பழைய கணக்கோடுதான் கூட்ட வேண்டும்.

1979 இல் வெளிவந்த கணக்கின்படி, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 550 மில்லிகிராம் பெற்றவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு இருதயம் தளர்ந்தது. 2003 இல் இன்னொரு ஆய்வு அதைத் திருத்தியது. 400 மில்லிகிராமில் நூற்றுக்கு 5 பேர், 550 இல் 26 பேர், 700 இல் 48 பேர். ஆரம்பத்தில் டாக்டர்களே ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள் என்று இதற்குப் பொருள். இன்றைக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் போகும்போதே கூடுதல் கவனம் வைக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுகிறேன். ‘சதுர மீட்டருக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்து, கடைக்கு வந்து அழுதவர்கள் உண்டு. மதினியின் உயரம் 150 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. இரண்டையும் பெருக்கி 3600 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.5 சதுர மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் என்பதால் ஒரு தவணைக்கு 90 மில்லிகிராம் ஏற்றினார்கள். நான்கு தவணைக்கு 360. பில்லைப் பார்ப்பவர் 360 என்று பயப்படுவார். ஆனால் கணக்கில் சேர வேண்டியது 60 பெருக்கல் நான்கு, அதாவது 240தான். பயப்படும்படியான அளவல்ல. ஆகவே யாராவது ‘இத்தனை மில்லி ஏற்றினார்கள்’ என்றால் உடனே 550 உடன் ஒப்பிட வேண்டாம்.

இருதயத்துக்கு ஏன் இந்த மருந்து ஆகவில்லை? பெருகும் செல்களில் மரபு நூலின் முறுக்கை அவிழ்த்துக் கட்டும் ஒரு நொதி உண்டு. மருந்து அதைப் பிடித்துக் கொள்ள, நூல் அறுந்து புற்றுச் செல் சாகிறது. இருதயத் தசைச் செல் பெருகுவதில்லை என்றாலும் அந்த நொதியின் உடன்பிறப்பு ஒன்று அதிலும் இருக்கிறது. மருந்து அதையும் பிடித்துக் கொள்கிறது. 2012 இல் எலிகளில் அந்த உடன்பிறப்பை நீக்கிப் பார்த்தபோது இருதயம் தப்பியது. தோலும் குடலும் செத்த செல்லுக்குப் பதில் புதியதை உண்டாக்கும். தலைமுடி உதிர்ந்தால் முளைக்கும். இருதயத் தசையில் போனது ஏறக்குறைய போனதுதான். மீதி இருப்பவை சுமையைப் பகிர்ந்து கொள்ளும். ஒரு கட்டத்தில் அவையும் களைத்துப் போகும்.

டிராஸ்டுசுமாப் வேறு வகை. அது 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹெர்2 என்ற வாங்கியை அது அடைத்து விடுகிறது. புற்றுச் செல் அந்த வாங்கி வழியாகத்தான் ‘வளர்’ என்ற கட்டளையைப் பெறுகிறது. ஆனால் இருதயத் தசை, தனக்கு ஏற்படும் சேதத்தைப் பழுது பார்க்க அதே வாங்கியைத்தான் நம்பியிருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் மழைக்காலத்தில் ஓடு உடைந்தால் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். சிவப்பு மருந்து ஓட்டை உடைக்கிறது. இந்த ஊசி கொத்தனாரை வாசலில் தடுத்து நிறுத்துகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்த ஆய்வில் நூற்றுக்கு 27 பேருக்கு இருதயக் கோளாறு காணப்பட்டதாக 2001 இல் வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் ஒன்று முடிந்து மற்றது என்று முறையை மாற்றினார்கள். ஆனால் இந்த ஊசியில் ஓர் ஆறுதல் உண்டு. ஊசியை நிறுத்தினால் கொத்தனார் உள்ளே வந்து விடுகிறார், பெரும்பாலோருக்கு இருதயம் தேறி விடுகிறது. தேற வேண்டுமானால் சரியான நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ.

அந்த மூன்று மாத எக்கோவில்தான் நான் தவறினேன்.

சிவப்பு மருந்து முடிந்ததும் எடுத்ததில் 60 இருந்தது. நல்லது. அடுத்த எக்கோவின் தேதி அக்டோபரில் நவராத்திரி நேரத்தில் விழுந்தது. இங்குள்ள நம்மவர்களுக்கு நவராத்திரி எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகப் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் வந்து சேர்வார்கள். சரஸ்வதி கோட்டைக்குள்ளும், நங்கை செந்திட்டையிலும், குமாரசுவாமி எங்கள் ஆரியசாலை தேவி கோவிலிலும் எழுந்தருள்வார்கள். 1956 இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்த யாத்திரை நிற்கவில்லை. மதினிக்குக் குமாரசுவாமி சொந்த ஊர்க்காரர். மொட்டைத் தலையில் முக்காடிட்டு, எங்கள் மாடி ஜன்னலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

“தம்பி, நம்ம ஊரு முருகன் என்னப் பாக்க நடந்து வாறாரு. நான் ஆஸ்பத்திரியில போயி கியூல இருக்கவா? ஆஸ்பத்திரி எங்க ஓடிரப் போவுது?” என்றாள்.

“ரெண்டு எக்கோவும் நல்லாத்தானே இருக்கு மதினி. பத்து நாள் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது” என்று நான்தான் சொன்னேன். வீட்டில் மருந்து தெரிந்தவன் என்று என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. பத்து நாள் கழித்துப் போனால் தேதி கிடைக்கவில்லை. பிறகு தீபாவளி. பிறகு அண்ணன் ஊரில் நெல் அறுப்பு. ஊசி மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் ஏறியது. ‘எக்கோ எடுத்தாச்சா’ என்று கேட்டபோது, ‘அடுத்த வாரம்’ என்று இரண்டு முறை சொன்னதும் நான்தான்.

டிசம்பரில் மதினி மாடிப்படி ஏறுகையில் நடுவில் நிற்க ஆரம்பித்தாள். எங்கள் வீடு கடைக்கு மேலே, பதினான்கு படி. ஏழாவது படியில் நின்று சுவரைப் பிடிப்பாள். “எளப்புதான், வேறொண்ணுமில்ல” என்பாள். உடம்பில் சத்து இல்லை என்று முடிவு செய்து, என் மனைவி தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தாள், நன்றாக உப்புப் போட்டு. கஞ்சிக்குக் கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும். இருதயம் தளர்ந்த ஒருத்திக்கு உப்பைக் கொட்டிக் கொண்டிருந்தோம் என்பது பின்னால் தெரிந்தது. இரவில் ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாயிற்று. ஒரு நாள் காலையில் மிஞ்சி இறுகிக் கழற்ற வரவில்லை, சோப்புத் தண்ணீர் விட்டும் வரவில்லை என்றாள். காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. முப்பது ஆண்டுகளாக இருதய நோயாளிகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவனுக்கு அந்தக் குழியைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது.

அன்றே எக்கோ. 41.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை தலையணை?” என்பதுதான். இரண்டாவது கேள்வி, இதை ஏன் ஊசிக்கு வந்தபோது சொல்லவில்லை என்பது. மதினி சொல்லத்தான் செய்திருக்கிறாள். “எளப்பா இருக்கு” என்று. கேட்டுக் கொண்டது மலையாளத்துப் பெண்பிள்ளை. அவள் அதை உடம்பு அசதி என்று எடுத்துக் கொண்டு ‘க்ஷீணம்’ என்று நினைத்திருக்கிறாள். கீமோ எடுப்பவர் யாருக்குத்தான் க்ஷீணம் இல்லை? அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே ஊரிலிருந்து வரும் உறவினரோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் நம்மவர்கள் சில சொற்களைக் கவனமாக மாற்றிச் சொல்ல வேண்டும். நம்முடைய எளப்பை ‘கிதப்பு’ என்றோ ‘ஸ்வாசம் முட்டல்’ என்றோ சொல்லுங்கள். கால் வீக்கத்துக்கு அவர்கள் சொல் ‘நீர்’. படபடப்புக்கு ‘நெஞ்சிடிப்பு’. அதைவிட நல்லது, சொல்லையே நம்பாமல் கணக்காகச் சொல்வது: போன மாதம் பதினான்கு படியும் ஏறினாள், இப்போது ஏழில் நிற்கிறாள், ஒரு தலையணை மூன்றாயிற்று, மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடியது. இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

ஊசியை நிறுத்தினார்கள். நீர் இறங்க ஒரு மாத்திரை, எனலாப்ரில், கார்வெடிலால். எங்கள் கடையில் மூலையில் கிடக்கும் சாதாரண, விலை குறைந்த மருந்துகள். அண்ணன் இடிந்து போனார். ஊசியை நிறுத்தினால் புற்று திரும்புமே, ஊசி போட்டால் இருதயம் நிற்குமே என்று அவர் தலையில் அடித்துக் கொண்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த டிசம்பரும் ஜனவரியும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக் கொள்ளவில்லை.

டாக்டர் அமைதியாகச் சொன்னார்: சில மாத இடைவெளி விட்டு, இருதயம் தேறிய பிறகு மீதி ஊசியைத் தொடரலாம், இருதயத்தைக் கெடுத்துக் கொண்டு தொடர்வதைவிட அது மேல். காலதாமதம் பற்றியும் ஒன்று சொன்னார். பின்னர் நான் தேடிப் படித்ததில் அது இத்தாலியில் மிலான் நகரத்து ஆய்வு என்று தெரிந்தது. சிவப்பு மருந்தால் இருதயம் தளர்ந்தவர்களில், சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்துக்குள் இருதய மருந்து தொடங்கியவர்களில் நூற்றுக்கு 64 பேர் முழுக்கத் தேறினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கியவர்களில் ஒருவர்கூட முழுக்கத் தேறவில்லை. 2010 இல் வெளிவந்தது. அதே குழு 2015 இல் 2,625 பேரைப் பின்தொடர்ந்த கணக்கை வெளியிட்டது. நூற்றுக்கு 9 பேருக்கு இருதயம் பாதித்தது; அவர்களில் 98 சதவீதம் பேருக்கு முதல் ஓராண்டுக்குள்ளேயே எக்கோவில் அது தெரிந்துவிட்டது. படியில் நிற்பதும் மிஞ்சி இறுகுவதும் எக்கோவுக்குப் பின்னால் வரும் அடையாளங்கள். முன்னால் வருவது எண்ணில் மட்டும்தான் தெரியும்.

இப்போது எக்கோவிலேயே ‘ஸ்ட்ரெயின்’ என்று ஒரு அளவு எடுக்கிறார்கள். தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பது. அது முதலில் இருந்ததைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், மற்ற எண் இறங்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும். இரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பதும் உண்டு. அதிக அளவு சிவப்பு மருந்து தேவைப்படுவோருக்கு டெக்ஸ்ராசோக்சேன் என்ற காப்பு மருந்தை முன்னால் கொடுப்பதும் உண்டு. இவையெல்லாம் டாக்டர் தீர்மானிக்க வேண்டியவை. நாம் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

யாருக்கு ஆபத்து அதிகம் என்றால், வயது அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள், ஏற்கெனவே இருதய நோய் உள்ளவர்கள், மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எது? கீமோ நடக்கிறதே என்று சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் தாமாகவே நிறுத்தி விடுபவர்களைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘ஒரே நேரத்தில் இத்தனை மருந்து உடம்பு தாங்குமா’ என்பார்கள். மருந்தை நிறுத்துவதுதான் உடம்பு தாங்காது. இன்னொரு கூட்டம் டானிக், மீன் எண்ணெய், வைட்டமின் என்று இருதயத்தைக் காக்க வாங்கிப் போகும். நானே விற்றிருக்கிறேன். புற்று மருந்திலிருந்து இவை இருதயத்தைக் காக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. நாட்டு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் போதும். அவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். வயிறு, குடல் புற்றுக்குக் கொடுக்கும் ஃபுளோரோயுராசிலும், அதே இனத்து கேப்சைட்டபின் மாத்திரையும் சிலருக்கு இருதயத்தின் இரத்தக் குழாயை இறுகச் செய்து நெஞ்சுவலி உண்டாக்கும். அது வாயுவல்ல, மாத்திரையைத் தொடராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடது மார்புக் கதிர்வீச்சின் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் தெரியலாம் என்பதால் இப்போது மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தச் சொல்லி, இருதயம் விலகி நிற்கும் நேரத்தில் கதிர் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகளில் இருதய அழற்சி அபூர்வம், ஆனால் வந்தால் கடுமை.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் கீமோ வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அப்படி ஒருவர் முடிவு செய்தாலும் நான் இதை எழுதியது பாவமாகிவிடும். மதினியின் புற்றை நிறுத்தியது அந்தச் சிவப்பு மருந்தும் அந்த ஊசியும்தான். இருதயம் பாதிப்பவர்கள் நூற்றில் சிலர்; மருந்து இல்லாவிட்டால் புற்று பலரை விட்டுவைக்காது.

இன்னொரு விஷயம், நம்மைப் போன்று ஊர் விட்டு ஊர் வாழ்பவர்களுக்கு. குழந்தைப் பருவத்தில் இரத்தப் புற்று வந்து குணமான பிள்ளைகள் இன்று வேலைக்கும் கல்யாணத்துக்கும் வளர்ந்து நிற்கிறார்கள். திருவனந்தபுரத்தில் சிகிச்சை, சென்னையில் படிப்பு, ஷார்ஜாவிலோ பம்பாயிலோ வேலை. பெற்றோர் அந்த நோயைப் பற்றிப் பேசுவதே இல்லை, பெண்ணாக இருந்தால் கல்யாணம் தடைப்படும் என்று ஃபைலையே ஒளித்து வைக்கிறார்கள். ஆனால் சிவப்பு மருந்தின் பாதிப்பு இருபது ஆண்டு கழித்தும் தலைகாட்டலாம், குறிப்பாகப் பிரசவ காலத்தில் இருதயத்துக்குச் சுமை கூடும்போது. பார்க்கும் டாக்டருக்குப் பழைய கதை தெரியாவிட்டால் அவர் என்ன செய்வார்? மருந்தின் பெயர், சதுர மீட்டருக்கு மொத்தம் எவ்வளவு, எந்த ஆண்டு, கதிர்வீச்சு எந்தப் பக்கம், முதல் எக்கோவும் கடைசி எக்கோவும் – இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டால் எழுதித் தருவார்கள். பத்திரப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு அதையும் வையுங்கள். ஒரு நகலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அது அந்தப் பிள்ளையின் உடம்பு.

மதினியின் எண் மார்ச் மாதம் 53 ஆயிற்று. மிச்ச ஊசிகளை ஆறு வாரத்துக்கு ஒரு எக்கோ என்ற கணக்கில் போட்டு முடித்தார்கள். இப்போது 55, 56 என்று நிற்கிறது. பழைய 64 திரும்பவில்லை, திரும்பாது என்றே டாக்டர் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் மாத்திரை. கருவாட்டை நினைத்தால் மட்டும் இன்றும் பெருமூச்சு விடுகிறாள். குமாரகோவில் படிகளை இடையிடையே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறாள். அண்ணன் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. ஆனால் எக்கோ தேதிகளை அவரே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், என்னிடம் கேட்பதில்லை. இந்த ஆண்டுக்கான தேதி நவராத்திரிக்கு முந்தின வாரம். இருவரும் இரண்டு நாள் முன்பாகவே ஆரியசாலைக்கு வந்துவிடுவதாகப் போன் செய்திருக்கிறார்கள்.